பயிற்றுநரும் பொறுப்பும்

தொடர்ந்து தோற்கும் கல்லூரி உதைபந்தாட்ட அணிக்குப் புதிய பயிற்றுநரைத் தேடுவோர் முதலிற் கேட்பது, "எத்தனை கிண்ணம் வென்றவர்?" என்பதே. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிற் பந்துதைத்து வளரும் பிள்ளைகளுக்கு இக்கேள்வி நீதி செய்யுமா?

இந்திய அணியை 1950 முதல் பயிற்றுவித்த சையத் அப்துல் ரஹீம், ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராய் இருந்தவர். பலங்குறைந்த காலால் மட்டுமே பந்துதைக்கும் போட்டிகளை அவர் நடத்தினார். தன் குறைக்கு நாணாது, அதனை உழைப்பால் வெல்ல மாணவனைப் பழக்கும் ஆசிரியரின் வழி அது. 1951, 1962 ஆசிய விளையாட்டுத் தங்கங்களும், 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக்கில் நான்காமிடமும் அவ்வணிக்குக் கிட்டின.

ஆயினும், தோல்வி எப்போதும் ஆடுகளத்திற் பிறப்பதில்லை. நம் அயலிலுள்ள சுகததாச அரங்கில் 1995இல் இந்தியாவை வென்று தெற்காசியக் கிண்ணத்தை ஏந்தியது இலங்கை. அதே இலங்கையைச் சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் 2023 ஜனவரியில் இடைநிறுத்தியது. குற்றம் நிர்வாகத்தில் இருந்தது. ஆகஸ்டில் தடை நீங்கும்வரை, பந்தைத் தொடாதவர் செய்த பிழைக்குப் பந்தைத் தொட்டவர் தண்டனை அனுபவித்தனர்.

கல்லூரியிலும் இதே கதைதான். மைதானமும் சப்பாத்தும், பசித்து வரும் பிள்ளைக்கு மாலையில் ஒருவேளை உணவும் கொடாத நிர்வாகம், பயிற்றுநரை மட்டும் மாற்றுவது தன் பழியை இன்னொருவர் தோளில் ஏற்றுவதாகும்.

ஆகவே, வருபவரிடம் கேட்போம்: "ஆட்டம் முடியும்வரை வாங்கிலேயே அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு என்ன கற்பிப்பீர்?" அவரும் நம்மைக் கேட்கட்டும்: "அப்பிள்ளைக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள்?" இரண்டாம் கேள்விக்கு விடையில்லாதவர்க்கு முதற்கேள்வியைக் கேட்கும் உரிமை இல்லை.