பெயர் பெறாத கை

இலங்கைப் பறவைகளை நேரில் கண்டு வரைந்த முன்னோடி பீட்டர் கொர்னேலிஸ் டி பெவெர். 1722இல் இலங்கையிலேயே, ஐரோப்பிய ஆசியக் கலப்புக் குடும்பமொன்றில் பிறந்தவர். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியில் நில அளவையாளராக இருந்தார். 1752 முதல் 1757 வரை ஆளுநராக இருந்த யோன் கிடியோன் லோட்டன் பறவைப் பிரியர். டி பெவெரின் கைத்திறனைக் கண்டு, பறவைகளை வரையும் வேலையை அவரிடம் ஒப்படைத்தார். காணியின் எல்லையை வரைந்து பழகிய கை, அலகின் வளைவையும் இறகின் வரியையும் அதே கறாரோடு வரைந்தது.

லோட்டன் பின்னாளில் லண்டனில் குடியேறியபோது அந்த ஓவியங்களும் உடன் போயின. அங்கே சிட்னி பார்க்கின்சன் என்ற இளைஞர் அவற்றைப் படியெடுத்தார். கேப்டன் குக்கின் கப்பலில் ஓவியராகச் சென்று கடலிலேயே இறந்தவர் இவர்தான். ஆசியாவில் கால் வைத்திராத தாமஸ் பென்னன்ட், இந்தப் படங்களைக் கொண்டு 1769இல் இந்திய விலங்கியல் நூலை வெளியிட்டார். பாம்புத்தாரா, மஞ்சள் மூக்கு நாரை, தையல்சிட்டு, இலங்கைக்கே உரிய செம்முகப் பூங்குயில் ஆகியவற்றின் அறிவியல் பெயர்களுக்குப் பின்னால் இன்றும் வருவது ‘பென்னன்ட், 1769’. ஒரு சறுக்கலும் நேர்ந்தது: நாரையை அரிவாள் மூக்கன் இனத்தில் சேர்த்துவிட்டார். படத்தின் மேல் பழி சொல்ல முடியாது. நாரை அதில் நாரையாகத்தான் இருந்திருக்கும்.

ஆளுநருக்கும் ஒரு பங்கு கிடைத்தது. நீண்ட அலகுத் தேன்சிட்டு ஒன்று 1766இல் லின்னேயஸ் இட்ட பெயரால் லோட்டனின் தேன்சிட்டாயிற்று. பணம் கொடுத்தவரும் எழுதியவரும் பெயரில் நிற்க, பார்த்து வரைந்தவருக்கு ஒரு குருவிகூட இல்லை. அநீதிதான். ஆனாலும் சம்பளத்துக்கு வரைந்த அளவையாளர் கையெழுத்தை எதிர்பார்த்திருப்பாரா என்பது வேறு கேள்வி. ஒரு வேலையைச் சரியாகச் செய்வதற்கும் அதற்கு உரிமை கோருவதற்கும் இடையே எப்போதும் இடைவெளி உண்டு. பெரும்பாலான உழைப்பு அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. பெயர் இல்லாமலும் அறிவு உண்டு: இலங்கையின் மேற்குக் கரையில், கற்பிட்டிக்கு வடக்கே உச்சமுனையில் வலை வீசுகிறவருக்கு, புத்தளம் களப்பில் மூழ்கி மீன் பிடிக்கும் பாம்புத்தாராவை அறிய பென்னன்டும் வேண்டாம், டி பெவெரும் வேண்டாம். கற்பிட்டியில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை கம்பெனியை நினைவூட்டுகிறது. அதன் ஊழியரை அல்ல.

இரண்டு நூற்றாண்டு கழித்து நிலைமை மாறியது. கொழும்பு அருங்காட்சியகத்தில் பூச்சியியல் பிரிவில் பணிபுரிந்த ஜி. எம். ஹென்றி, 1955இல் இலங்கைப் பறவைகளுக்கான கையேட்டைத் தன் பெயரிலேயே வெளியிட்டார். படமும் அவருடையது, எழுத்தும் அவருடையது. டி பெவெரின் ஓவியங்கள் இப்போது லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில், லோட்டன் தொகுப்பு என்ற பெயரில் இருக்கின்றன.