ஆட்டத்தின் தன்மையும் இரசிகரின் பற்றும்

இந்திய ஹாக்கியின் இன்றைய நிலை குறித்து மூத்த இரசிகர்களிடம் வினவினால், இப்போது ஆடப்படுவது ஹாக்கியே அன்று என்ற தீர்ப்பே பெரும்பாலும் விடையாகக் கிடைக்கும். செயற்கைப் புல்தரை, ஆஃப்சைடு விதியின் நீக்கம், தலா 35 நிமிடங்கள் கொண்ட இரு பாதிகளின் இடத்தில் வந்த 15 நிமிடக் காற்பகுதிகள், மரத்தடியின் இடத்தைப் பிடித்த கார்பன் இழைத் தடி ஆகியவை அதற்குச் சான்றுகளாக அடுக்கப்படும். இதை முதுமையின் ஆற்றாமை என்று ஒதுக்கிவிடலாகாது. ஒரு பொருளின் கூறுகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வரும்போது எதுவரை அது அதே பொருளாக நிற்கிறது என்னும் மெய்யியல் வினா இத்தீர்ப்பினுள் அடங்கியிருப்பதால், அதை அவ்வினாவுக்குரிய கவனத்தோடு ஆராய்வதே முறையாகும்.

இரசிகர் இழந்ததாகக் கருதுவது எது என்பதை முதலில் வரையறுக்க வேண்டும். 1928இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி 1956இல் மெல்போர்ன் வரை நடைபெற்ற ஆறு ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்தியா தங்கம் வென்றது. தியான் சந்த் காலத்திலிருந்து வளர்ந்த ஆட்டமுறையில், ஐந்து முன்னாட்டக்காரர்கள் வரிசையாக முன்னேறி, குறுகிய தொலைவில் பந்தைக் கைமாற்றி, தடியின் நுனியை விட்டு அது அகலாதபடி எதிரணியினரை ஏய்த்துச் செல்வதே தலையாய திறனாக மதிக்கப்பட்டது. மேடுபள்ளம் கொண்ட இயற்கைத் தரையில் பந்தின் போக்கை முன்கூட்டி உணரும் மணிக்கட்டின் நுட்பத்திற்கு இருந்த மதிப்பு, 1976இல் மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் செயற்கைத் தரை அறிமுகமானபோது குறைந்தது. பந்து நேராகவும் விரைவாகவும் ஓடும் அத்தரையில் நீண்ட பாஸ்களும் உடலின் தாங்குதிறனும் முதன்மை பெற்றன. இந்தியா ஏழாம் இடத்திற்குச் சென்றது. பந்துக்கு முன்னே நிற்கும் ஆட்டக்காரர், தமக்கும் கோல் கோட்டுக்கும் இடையே குறித்த எண்ணிக்கையில் எதிரணியினர் இல்லாத நிலையில் பந்தைப் பெறக் கூடாது என்ற ஆஃப்சைடு விதியும் 1990களின் பிற்பகுதியில் நீங்கியது. பெனால்டி கார்னரில் பந்தை ஓங்கி அடிக்காமல், தரையோடு இழுத்து வந்து சுழற்றி வீசும் டிராக் ஃபிளிக் என்ற முறை வெற்றி தோல்வியை முடிவுசெய்யும் கருவியாக வளர்ந்தது.

இத்தகைய மாற்றத்தை எண்ணிப் பார்ப்பதற்குத் தென்னாட்டுச் சமண ஆசிரியர் சமந்தபத்திரர் தமது ஆப்தமீமாம்சையில் காட்டும் உவமை பெரிதும் உதவுகிறது. பொற்குடம் ஒன்று உருக்கப்பட்டு மணிமுடியாக வார்க்கப்படும்போது, குடத்தை விரும்பியவர் வருந்துகிறார், முடியை விரும்பியவர் மகிழ்கிறார், பொன்னை மட்டும் விரும்பியவர் இரண்டுமின்றி நடுநிலையில் இருக்கிறார். தோன்றுதல், அழிதல், நிலைத்திருத்தல் ஆகிய மூன்றும் ஒரே பொருளில் ஒரே வேளையில் நிகழ்கின்றன என்பதே சமணர் இதன்வழி நிறுவும் கொள்கை. நிலைத்திருப்பதைத் திரவியம் என்றும், மாறிவரும் நிலைகளைப் பரியாயம் என்றும் அவர்கள் வழங்குவர். கணந்தோறும் எல்லாம் அழிகின்றன, நிலைத்த பொருள் ஒன்றில்லை என்ற பௌத்தக் கணபங்கவாதத்தை எதிர்த்து நின்ற கொள்கையும் இதுவே. இதன்படி நோக்கினால், துயருறும் மூத்த இரசிகரும் விரைவான ஆட்டத்தில் திளைக்கும் இளைய இரசிகரும் ஒரே நிகழ்ச்சியின் இரு பக்கங்களைக் காண்பவர்கள் ஆகின்றனர். எனினும், ஹாக்கியில் பொன்னுக்கு நிகராக நிற்பது எது என்ற வினா எஞ்சுகிறது.

விதிகளே அது என்பது ஒரு விடை. தேவையற்ற தடைகளைத் தாமே விரும்பி ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதே விளையாட்டு என 1978இல் வெளியான தம் நூலில் வரையறுத்த மெய்யியலாளர் பெர்னார்ட் சூட்ஸ், அத்தடைகளை உண்டாக்கும் விதிகளின்றி விளையாட்டே இல்லை என்றார். தடியின் உருண்ட பின்புறத்தால் பந்தை ஆடக் கூடாது, கோலுக்கு முன்னுள்ள வட்டத்திற்குள் தாக்கும் அணியினரின் தடி பட்டுச் சென்ற பந்தே கோலாகும் என்பவை போன்ற அடிப்படைத் தடைகள் இன்றும் இருப்பதால், இவ்வரையறையின்படி ஆட்டம் அழியவில்லை. ஆயின், விதிநூல் மாறாதிருந்தும் ஓர் ஆட்டம் உள்ளீடற்றுப் போகக்கூடும் என்பதையும் இரசிகர் அறிவார்; ஆகவே இவ்விடை அவருக்கு நிறைவளிப்பதில்லை.

மெய்யியலாளர் அலஸ்டேர் மெக்கின்டயர் தரும் விடை இன்னும் ஆழமானது. ஒரு கலையையோ விளையாட்டையோ பயில்வதால் மட்டுமே அடையக்கூடிய நலன்களை அவர் அகநலன்கள் என்றும், பணம், புகழ் போன்று வேறு வழிகளிலும் கிடைக்கக்கூடியவற்றைப் புறநலன்கள் என்றும் பிரித்தார். எதிராளியின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை நொடிப்பொழுதில் கண்டு பந்தை மறுபக்கம் கொண்டுசெல்வதும், சக ஆட்டக்காரர் சென்று சேரப்போகும் இடத்தை அவர் சேருமுன்பே உணர்ந்து பந்தை அனுப்புவதும் ஹாக்கியின் அகநலன்கள். அவை புல்தரையிலும் இருந்தன, செயற்கைத் தரையிலும் உள்ளன. நிலைத்திருப்பது இதுவே என்று கொண்டால், ஹாக்கி ஒழிந்துவிட்டது என்னும் தீர்ப்பு வலுவிழக்கிறது.

அவ்வாறாயின் துயரம் இவ்வளவு ஆழமாக இருப்பது ஏன்? தமிழ் அறநூல் உரைகள், யான் என்னும் உணர்வை அகப்பற்று என்றும், எனது என்னும் உணர்வைப் புறப்பற்று என்றும் பகுத்துக் காட்டும். இரசிகரின் பேச்சில் ஆட்டத்தின் மீதுள்ள அன்பும், அது நம்முடையது என்ற புறப்பற்றும் பிரித்தறிய முடியாதபடி கலந்துள்ளன. செயற்கைத் தரையே வீழ்ச்சிக்குக் காரணம் என்ற விளக்கம் இந்தக் கலப்பைக் காட்டிக்கொடுக்கிறது: 1960இல் ரோமில் பாகிஸ்தானிடம் இறுதிப் போட்டியை இழந்ததும், 1968, 1972 ஆண்டுகளில் வெண்கலத்தோடு திரும்பியதும் இயற்கைத் தரையில் நிகழ்ந்தவை, வா. பாஸ்கரன் தலைமையில் 1980இல் மாஸ்கோவில் வென்ற தங்கமோ, வலிமை வாய்ந்த அணிகள் பல புறக்கணித்த போட்டியில் கிடைத்ததாயினும், செயற்கைத் தரையில் வந்தது. 2008இல் பெய்ஜிங் போட்டிக்குத் தகுதிபெறவே இயலாத நிலைக்குச் சென்ற அணி, 2021இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5-4 என வென்று வெண்கலம் பெற்றபோது, நாடெங்கும் அது ஹாக்கியின் மறுவாழ்வாகக் கொண்டாடப்பட்டது. அதற்காக ஆஃப்சைடு திரும்பவில்லை, புல்லும் திரும்பவில்லை. ஆட்டத்தின் தன்மை கெட்டது என்ற வருத்தத்தை வெற்றி ஆற்ற முடியுமானால், அவ்வருத்தத்தின் ஒரு பகுதியேனும் தோல்வியைப் பற்றியதாகவே இருந்திருக்க வேண்டும்.

இப்பகுதியைக் கழித்த பின்னும் முறையீட்டில் ஒன்று எஞ்சுகிறது, அதுவே கருதத்தக்கது. இயற்கைத் தரை எந்தப் பள்ளியின் பின்புறத்திலும் இருந்தது. கோவில்பட்டியின் மண் திடல்களிலும் ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டச் சிற்றூர்களிலும் தலைமுறை தலைமுறையாக ஆட்டக்காரர்கள் உருவாக அதுவே போதுமானதாக இருந்தது. செயற்கைத் தரையை அமைக்கக் கோடிக்கணக்கில் செலவாவதோடு, உயர்நிலைப் போட்டிகளுக்கு ஏற்றவாறு அதை நனைத்து வைக்க நீரும் மிகுதியாக வேண்டும். மண்ணில் கற்ற சிறுவரின் திறன் வேறொரு தரையில் எடைபோடப்படும்போது, அத்தரையில் பயிலும் வாய்ப்பு யாருக்குக் கிட்டியது என்பதே தேர்வின் முடிவைப் பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. அகநலன்கள் அழியவில்லை என்பது உண்மையாயினும், அவற்றை அடையும் வழி சிலருக்கே திறந்திருக்குமாயின், மெக்கின்டயரின் அளவுகோலிலேயே அந்தப் பயில்முறை குறைபட்டதாகும். ஏனெனில் அகநலன்கள், பயில்வோர் அனைவரையும் வளப்படுத்தும் பொதுச்சொத்து என்பது அவர் கருத்து.

2018 முதல் இந்திய அணிகளுக்கு ஒடிசா அரசு அளித்துவரும் ஆதரவும், நீரை மிகுதியாக வேண்டாத தரைக்காகப் பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பு மேற்கொண்டுவரும் முயற்சியும், 2025இல் சென்னையிலும் மதுரையிலும் இளையோர் உலகக் கோப்பை நடந்ததும் இவ்வழியை அகலப்படுத்தும் அளவிற்கே மதிக்கத்தக்கவை. டோக்கியோவிலும் 2024இல் பாரிசிலும் கிடைத்த வெண்கலங்கள் ஆட்டம் நலமுற்றதை மெய்ப்பிக்கமாட்டா. மாண்ட்ரியலின் ஏழாம் இடமும் அதன் அழிவை மெய்ப்பித்ததில்லை. இது ஹாக்கியே அன்று என்னும் இரசிகர் பொருளின் இயல்பைப் பற்றிச் சொல்வது பிழை. அதே முறையீட்டை, மண் திடலில் ஆடும் சிறுவர் இந்த ஆட்டத்தை எங்கே சென்று கற்பார் என்ற வினாவாக மாற்றிக் கேட்பாராயின், கூட்டமைப்புகளும் அரசுகளும் அதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டவை.