விலை ஏறுகிறது என்பது ஒரு காரணமா?

நம் வியாபாரச் சகோதரர்கள் கூடுகின்ற இடங்களில் முன்பெல்லாம் சரக்கு எப்போது வந்து இறங்கும், நாணய மாற்று எப்படி நிற்கிறது என்ற பேச்சுத்தான் முதலில் எழும். இப்போது அந்த இடத்தை மோட்டார் கார் பிடித்துக்கொண்டது. அதிலும் நம் பிள்ளைகள் வாயில் அடிபடுவது ஒரு குறிப்பிட்ட ரகம். வெளிப்பார்வைக்குச் சாதாரணக் குடும்பக் கார். பின்கதவு மேல்நோக்கித் திறக்கும். உள்ளே இருப்பதோ பந்தயக் காருக்கு உரிய இயந்திரம். 'ஹாட் ஹேட்ச்' என்கிறார்கள். அதில் எதை வாங்குவது, இப்போதே வாங்குவதா, பொறுத்திருப்பதா என்று விவாதம் நள்ளிரவு வரை நடக்கிறது. கார்ப் பேச்சுக்கு இந்தப் பக்கங்களில் என்ன வேலை என்று மூத்தவர்கள் முகம் சுளிக்க வேண்டாம். கடைக்கு உள்ளே எந்தத் தவற்றைச் செய்யவே மாட்டோமோ, அதே தவற்றைக் கடைக்கு வெளியே மகிழ்ச்சியோடு செய்கிறோமே, அது ஏன் என்ற கேள்வி இதற்குள் இருக்கிறது.

சென்ற மாதம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் தம் மகனையும் கூட்டிக்கொண்டு நம்மிடம் வந்தார். தம்பிக்கு வயது இருபத்தொன்பது. கடையின் பாதிப் பொறுப்பு அவர் தோளில்தான். பெருநாள் கொள்முதலுக்கென்று ஒதுக்கி வைத்த பணத்திலிருந்து முன்பணம் எடுத்து இந்த ரகக் கார் ஒன்றை வாங்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நண்பருக்கு அது பிடிக்கவில்லை. வீட்டில் மூன்று வாரமாகச் சரியான பேச்சுவார்த்தை இல்லை. "நீங்களே கேளுங்கள்" என்று மகனை நம் முன்னால் உட்கார வைத்துவிட்டு, நண்பர் தேநீர்க் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, இந்த ரகம் இனிமேல் வராது. அத்தாவுக்கு அது புரியவில்லை. இப்போது விட்டால் அடுத்த ஏலத்தில் இன்னும் ஏறிவிடும்" என்றார் தம்பி.

தம்பி சொன்னதில் பொய் இல்லை. ரெனோ மெகான் ஆர்எஸ் 2023இல் நின்றது. ஃபோர்டு ஃபியஸ்டா என்ற சின்னக் காரை அந்த நிறுவனம் அதே ஆண்டில் அடியோடு நிறுத்தியது. அதனுடைய வேகப் பதிப்பும் கூடவே போயிற்று. 2024இல் ஹூண்டாய் ஐ30 என் ஐரோப்பியச் சந்தையை விட்டு விலகியது. ஐரோப்பாவில் ஒரு நிறுவனம் விற்கும் கார்களின் சராசரிப் புகை வரம்பை மீறினால், மீறிய ஒவ்வொரு கிராமுக்கும், விற்ற ஒவ்வொரு காருக்கும் 95 யூரோ அபராதம். சின்னக் காரில் பெரிய இயந்திரம் வைத்து விற்பது அங்கே நஷ்ட வியாபாரம் ஆகிவிட்டது. எஞ்சியவற்றின் விலை ஏறத்தானே செய்யும்? பிரிட்டனில் 2017இல் 30,995 பவுனுக்கு வந்த ஹோண்டா சிவிக் டைப் ஆர், அடுத்த தலைமுறையில், 2023 தொடக்கத்தில், 46,995 பவுன். அதே கார் அதே ஆண்டு மலேசியாவில் 399,900 ரிங்கிட்.

இந்த ரகத்தின் பிறப்பை நினைத்துப் பார்த்தால் சிரிப்பும் வருகிறது, வருத்தமும் வருகிறது. 1975இல் பிராங்பர்ட் கண்காட்சியில் வோக்ஸ்வேகன் கோல்ஃப் ஜிடிஐ என்ற காரை வைத்தது. 1.6 லிட்டர் இயந்திரம், 110 குதிரைத் திறன், எடை சுமார் 800 கிலோ. ஐயாயிரம் கார் விற்றால் போதும் என்று நினைத்தார்கள். அந்த முதல் தலைமுறை மட்டுமே நான்கு லட்சத்துக்கும் மேல் விற்றது. காரணம் எளிது. பந்தயக் கார் ஒன்று, குடும்பக் கார் ஒன்று என இரண்டு வாங்க வசதியில்லாத மனிதனுக்கு இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுத்தார்கள். வாரநாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் வளைந்து வளைந்து போகலாம். சிக்கனத்தின் வயிற்றில் பிறந்த ஆசை அது. அந்தச் சிக்கனம் இன்று எங்கே?

தம்பி மூன்று கார்களைத் தேர்ந்து வைத்திருந்தார். 2024இல் புதுப்பித்த கோல்ஃப் ஜிடிஐ: ஐந்து பேர் உட்காரலாம், 265 குதிரைத் திறன், ஆனால் கையால் கியர் மாற்றும் வகை இனி அதில் இல்லை. சிவிக் டைப் ஆர்: கையால் மாற்றும் கியர் மட்டுமே, இருக்கை நான்கு, மணிக்கு 275 கிலோமீட்டர் வரை பறக்கும். டொயோட்டா ஜிஆர் யாரிஸ்: உலக ராலிப் போட்டியை மனத்தில் வைத்துச் செய்தது, மூன்று சிலிண்டர், நான்கு சக்கர இழுவை, பக்கத்துக்கு ஒரே கதவு, பின்னால் சாமான் வைக்கும் இடம் மிகக் குறைவு. ஜவுளிக்காரர் ஒரு துணிப் பொதியை அதில் ஏற்றிப் பார்க்கட்டும், அப்புறம் பேசலாம். சிங்கப்பூர் விரைவுச்சாலையில் மணிக்கு 90 கிலோமீட்டருக்கு மேல் அனுமதி இல்லை, அக்கரையின் நெடுஞ்சாலையிலும் 110தானே என்று கேட்டோம். "மாமா, இது நேர்ச்சாலை வேகத்துக்கான கார் இல்லை, வளைவில்தான் இதன் சுகம்" என்று பதில் வந்தது. ஒப்புக்கொள்கிறோம். கார் ஓட்டத் தெரிந்தவன் சொல்லும் நியாயமான பதில் அது.

பிறகு கணக்கைப் பார்த்தோம். காகிதத்தை எடுத்ததும் நண்பர் நிமிர்ந்து உட்கார்ந்தார். காரின் வெளிச்சந்தை மதிப்பு 40,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அதற்குத் தீர்வை நூற்றுக்கு 20 வீதம் 8,000. இரண்டின் மேலும் பொருள் சேவை வரி நூற்றுக்கு 9 வீதம் 4,320. கூடுதல் பதிவுக் கட்டணம், 2023 பிப்ரவரியில் வந்த அட்டவணைப்படி, முதல் 20,000க்கு அதே அளவு, அடுத்த 20,000க்கு நூற்றுக்கு 140 வீதம், ஆக 48,000. கூட்டினால் 100,320. முகவரின் லாபம் இன்னும் சேரவில்லை. இதன் மேல் வாகன உரிமைச் சான்றிதழ், நாம் சிஓஇ என்பது. அதை 120,000 என்று வைத்தால் மொத்தம் 220,320 வெள்ளி. இதில் கார் என்பது 40,000தான். மீதி எல்லாம் அதை ரோட்டில் வைத்துக்கொள்வதற்கான செலவு. சான்றிதழ் பத்தாண்டுக்குத்தான், கார் கீழ்த்தளத்தில் தூங்கினாலும் சான்றிதழுக்கு மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 33 வெள்ளி கரைகிறது. கடைப் பெயரில் எழுதிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வியாபாரத்துக்கே ஓட்டினாலும், 'எஸ்' எழுத்தில் தொடங்கும் தனியார் காரின் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க விடமாட்டார்கள்.

அந்தச் சான்றிதழின் விலை பிறக்கும் விதத்தை நம்மவர்கள் பலர் கவனித்ததில்லை. 1990இல் வந்த முறை அது. ஏலத்தில் இடம் கிடைக்காமல் போனவர்களுள் மிக அதிகம் கேட்டவர் யாரோ, அவர் கேட்ட தொகைக்கு மேல் ஒரு வெள்ளி. வென்றவர் எல்லோரும் அதையே கொடுக்கிறார்கள். 2023 அக்டோபரில் பெரிய கார்ப் பிரிவில் 150,001 வெள்ளி ஆனதே, அந்தக் கடைசி ஒரு வெள்ளி அப்படி வந்ததுதான். அப்போது சின்னக் கார்ப் பிரிவில் 106,000. சின்ன உருவம் உள்ள ஹாட் ஹேட்ச் ஏன் பெரிய பிரிவில் போகிறது என்றால், 1,600 சிசிக்குள் இருந்தாலும் திறன் 97 கிலோவாட்டைத் தாண்டினால் சின்னப் பிரிவில் இடமில்லை. இதில் யோசிக்க ஒன்று இருக்கிறது. வென்றவன் கொடுக்கும் விலையை நிர்ணயிப்பது காரின் தரமும் அல்ல, செய்தவனின் உழைப்பும் அல்ல. தோற்றுப்போன ஒருவனின் ஆசை. "அடுத்த ஏலத்தில் ஏறிவிடும்" என்று பயந்து ஆயிரம் பேர் இன்றே ஓடினால், ஏறுவது அந்தப் பயத்தினால்தான். நம் அவசரம் முகம் தெரியாத இன்னொருவனுக்கு விலையாகிறது.

பயத்தைப் பற்றிப் பேச நமக்குத் தகுதி உண்டு. 2019இல் ஏலக்காய் விலை ஏறிக்கொண்டே போனபோது, இன்னும் ஏறும் என்று நாமும் வாங்கி அடுக்கினோம். தேவை எவ்வளவு என்று கேட்கவில்லை. பழைய விற்பனைக் குறிப்பைப் புரட்டவில்லை. விலை இறங்கிய பிறகு அந்த மூட்டைகளைப் பார்க்கவே கசந்தது. நாற்பது ஆண்டு அனுபவம் உள்ள வியாபாரி செய்த காரியம் அது. ஆகவே தம்பியை அறியாப் பிள்ளை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை.

"அப்படியானால் இது முதலீடு என்று வைத்துக்கொள்ளுங்கள், மாமா. இனி வராத கார். விலை நிற்கும்" என்றார்.

இங்கேதான் நாம் கொஞ்சம் கடுமையானோம். "தம்பி, சொந்த உபயோகத்துக்கு வாங்கிய வாகனத்துக்கு ஜகாத் இல்லை. விற்கும் நோக்கத்தோடு வாங்கியதற்கு உண்டு, அது சரக்கு. ஆண்டுதோறும் இந்தக் காருக்கு விலை போட்டு நாற்பதில் ஒன்று எடுத்து வைப்பீர்களா?" என்று கேட்டோம். தம்பி பேசவில்லை. நம் முன்னோர் ஜகாத்துக்காகச் செய்த இந்தப் பாகுபாடு எவ்வளவு கூர்மையானது என்று அன்றுதான் நமக்கே உறைத்தது. பொருள் ஒன்றுதான், வாங்கும்போது மனத்தில் இருந்தது எது என்பதே அதைச் சரக்காகவோ உடைமையாகவோ ஆக்குகிறது. உள்ளே ஆசையை வைத்துக்கொண்டு வெளியே முதலீடு என்று பெயர் ஒட்டுவது, தரம் குறைந்த அரிசி மூட்டையில் நல்ல அரிசியின் பெயரை ஒட்டுவது போன்றது. வாடிக்கையாளரிடம் நாம் அதைச் செய்வோமா?

ஆனால் விவாதம் அங்கே முடியவில்லை. சற்று நேரம் கழித்துத் தம்பி தகப்பனார் பக்கம் திரும்பினார். "அத்தா, நம்ம கடையில் அறுநூறு வெள்ளிப் பட்டுச் சேலை எடுக்கிறவர்களிடம், இது உங்களுக்குத் தேவையா என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா? ஒரு கல்யாணத்துக்குக் கட்டிப் பெட்டியில் வைக்கப்போகிற சேலைதானே? அவர்கள் ஆசையில்தானே நாம் சாப்பிடுகிறோம்?"

நண்பர் பதில் சொல்லவில்லை. நாமும் உடனே சொல்லவில்லை. அந்தக் கேள்வி ஜவுளிக்காரருக்கு மட்டும் போட்டதல்ல. நகைக்கடைக்கும், வாசனைத் திரவியக் கடைக்கும், நம் மளிகைக்கும் சேர்த்துப் போட்டது. பிறர் ஆசையை மலர்த்தி வாழ்கிற நாம், நம் பிள்ளையின் ஆசையை மட்டும் பாவம் என்று சொன்னால் அது நியாயமாகாது. ஆசை பாவம் என்று நாம் கருதவும் இல்லை. அந்தச் சேலைக்காரம்மா அதை முதலீடு என்று சொல்வதில்லை. பிடித்திருக்கிறது என்று சொல்லித் தம் கைக்காசைக் கொடுத்து எடுத்துப் போகிறார். அவரிடம் இருக்கிற நேர்மையைத்தான் நாம் தம்பியிடம் கேட்டோம்.

கைக்காசு என்ற சொல்லில்தான் நம் தீர்ப்பு நின்றது. கொள்முதல் பணம் தம்பியின் கைக்காசு அல்ல, நண்பருடையதும் அல்ல. அதில் காஞ்சிபுரத்தில் நெய்தவனுக்குக் கொடுக்க வேண்டிய பாக்கி இருக்கிறது, கடையில் நிற்கும் நான்கு பேரின் சம்பளம் இருக்கிறது. பெருநாளுக்குச் சரக்கு குறைந்தால் முதலில் அடி விழுவது அவர்கள் மேல். தம்பி தன் பங்கு லாபத்தில் சேர்த்து, "எனக்கு ஆசை, அதனால் வாங்கினேன்" என்று வாங்கினால், அத்தா முகம் சுளிக்க உரிமை இல்லை. இதை இருவருக்கும் சேர்த்தே சொன்னோம். கடனாக எடுப்பதானால், வெளிச்சந்தை மதிப்பு 20,000 வெள்ளிக்கு மேல் உள்ள காருக்கு விலையில் நூற்றுக்கு 60 வரைதான் கிடைக்கும். தவணை ஏழாண்டுக்கு மேல் போகாது. வட்டி விவகாரத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளட்டும். அது நம் எல்லைக்கு அப்பாற்பட்டது.

போன வாரம் நண்பர் தொலைபேசியில் அழைத்தார். சான்றிதழில் நான்கு ஆண்டு மீதியுள்ள பழைய கோல்ஃப் ஒன்றைத் தம்பி பார்த்து வைத்திருக்கிறாராம். கேட்கும் விலையை மீதியுள்ள மாதத்தால் வகுத்து, தன் சேமிப்போடு ஒப்பிட்டு, ஒரு காகிதத்தில் எழுதி அத்தாவிடம் கொடுத்திருக்கிறார். கணக்கில் ஓர் இடத்தில் பிழை இருந்ததாம்; தகப்பனார் திருத்திக் கொடுத்தாராம். சனிக்கிழமை காரைப் பார்க்கப் போகிறார்கள், நம்மையும் வரச் சொன்னார்கள். நமக்கு இயந்திரத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. போகத்தான் போகிறோம்.