கைப்பிடிச்சுவர் கட்டினீர்களா?

2004 ஜூலை 16-ஐ மறக்க முடியுமா? நம்ம பாபநாசத்துக்குப் பக்கத்திலே கும்பகோணத்தில், ஸ்ரீ கிருஷ்ணா பள்ளியின் சமையற்கூடக் கீற்றில் பற்றின தீ மாடி வகுப்புகளின் கூரைக்குப் பரவி, 94 பிள்ளைகளைக் கொண்டுபோயிற்று.

"ஏன் ஆண்டவரே?" என்று அழுது ஜெபித்தேன். அவரோ எனக்கு உபாகமம் 22:8-ஐக் காட்டினார். மாடிக்குக் கைப்பிடிச்சுவர் வைக்காத வீட்டின்மேல் இரத்தப்பழி சுமரும் என்கிறது வேதம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம்ம ஞாயிறு பள்ளிக் கொட்டகையும் கீற்றுதானே! அதை ஒட்டியே அன்பின் விருந்துக்கு அடுப்பு மூட்டினவன் நான்தானே! அந்த வாரமே அடுப்பை அப்புறப்படுத்தினேன்.

தேவபிள்ளைகளே, ஜெபித்துவிட்டு எழுந்து, உங்க பிள்ளை படிக்கிற பள்ளிக்கு ஒருதரம் போய்ப் பாருங்க. மாடிப்படி அகலமா? வெளியேற இரண்டாவது வழி உண்டா? கதவு பூட்டிக் கிடக்குதா? கேட்கத் தயங்காதீங்க. பிள்ளைகளைத் தந்தவர் கர்த்தர். சுவர் கட்டவேண்டியவர்கள் நாம். ஆமென்.