உரத்த குரலும் தாழ்ந்த குரலும்

நம் திருமணங்களில் இரண்டு தொகைகள் பேசப்படுகின்றன. ஒன்று மஹர். அதனை நிக்காஹ் மஜ்லிஸில் சாட்சிகள் முன்னிலையில் உரக்கக் கூறுகிறோம். ஜமாஅத்தின் தப்தரில் எழுதுகிறோம். மற்றொன்று கைக்கூலி. அது முன்னரே இரு வீட்டாரிடையே தாழ்ந்த குரலில் முடிவு செய்யப்பட்டிருக்கும். பல இடங்களில் முன்னதைவிடப் பின்னது பன்மடங்கு பெரிது. ஏன் என்று வினவினால், "இது எங்கள் குடும்ப விஷயம், இதில் ஊருக்கும் அரசியலுக்கும் என்ன வேலை?" என்பர். இம்மறுமொழி தகுமா என்பதைச் சற்றே சிந்திப்போம்.

மக்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பரே என்றும், தத்தம் பொறுப்பில் உள்ளோரைப் பற்றி வினவப்படுவர் என்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்திய ஹதீஸ், புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உண்டு. ஆட்சித் தலைவரும், இல்லத் தலைவனும், இல்லத்தைப் பேணும் பெண்ணும் அதில் ஒரே வரிசையில் எண்ணப்படுகின்றனர். பொறுப்பில் உள்ளோரைக் குறிக்க அங்கு வரும் அரபுச் சொல் 'ரஇய்யத்'. மேய்க்கப்படும் மந்தை என்பது அதன் அடிப்பொருள். குடிமக்கள் என்பது அதிலிருந்து விரிந்த பொருள். நம் நிலவரி வழக்கில் புகுந்த 'ரயத்து', 'ரயத்துவாரி' என்பனவும் அச்சொல்வழி வந்தவையே. அரசனுக்குக் குடிகள் எப்படியோ, அப்படியே வீட்டுத் தலைவனுக்கு மனையோர். வீட்டுக்கு ஒரு நீதி, நாட்டுக்கு ஒரு நீதி என்று பிரிக்க இங்கு இடமில்லை.

மஹரைப் பற்றித் திருமறையின் நான்காம் அத்தியாயம் நான்காம் வசனம் கட்டளையிடுகிறது. அங்கு மஹரைக் குறிக்கும் 'ஸதுகாத்' என்ற சொல், உண்மை எனப் பொருள்படும் 'ஸித்க்' என்பதன் வேரில் பிறந்தது. அதனோடு வரும் 'நிஹ்லா' என்பது மனமுவந்து அளிக்கும் கொடையைக் குறிக்கும். ஆடவன் தன் வாய்மைக்கு அடையாளமாக மனமுவந்து கொடுப்பதே மஹர். கையில் எதுவுமில்லாத ஏழைத் தோழரிடம், இரும்பு மோதிரமேனும் கிடைக்குமா எனத் தேடிப் பார்க்குமாறு நபிகளார் கூறியதையும், அதுவும் கிடைக்காதபோது அவர் அறிந்திருந்த குர்ஆனையே முன்னிட்டு மணம் முடித்துவைத்ததையும் புகாரியில் காண்கிறோம். பெண் வீட்டாரிடம் பொருள் பெற்று வரும்படி அவருக்குச் சொல்லப்படவில்லை.

ஒரு வீட்டில் எடுக்கும் முடிவு அந்த வீட்டோடு நிற்பதுமில்லை. செல்வர் ஒருவர் தம் மகனுக்கு ஐம்பது பவுன் வாங்கினால், அதே தெருவில் அதே படிப்புப் படித்த இளைஞனுக்கு அதுவே விலையாகிவிடுகிறது. அவ்விலையைக் கொடுக்க இயலாத தந்தை, ஜும்ஆத் தொழுகை முடிந்ததும், தம் ஊர் ஜமாஅத்தின் கடிதத்தை ஏந்தி, 'குமர் காரியம்' என்று அயலூர்ப் பள்ளிவாசலின் வாயிலில் நிற்கிறார். அவர் கையில் பத்து ரூபாயை வைத்துவிட்டு நன்மை செய்ததாக எண்ணி நடக்கிறோம். அவரை அவ்வாயிலில் நிறுத்தியதில் நம் வீட்டுத் திருமணத்துக்கும் பங்குண்டு என்பதை எண்ணுவதில்லை.

இனி அரசியலுக்கு வருவோம். 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம், திருமணம், மஹர் முதலியவற்றில் ஊர் வழக்கத்தை நீக்கி ஷரீஅத்தை அமர்த்தியது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியபோது, ஷரீஅத் சட்டத்துக்கு உட்பட்டோரின் மஹர் வரதட்சணை ஆகாது என்று தெளிவாகப் பிரித்தது. 1985இல் ஷா பானு வழக்கின் தீர்ப்பு வந்தபோது சமுதாயம் வீதிக்கு வந்தது. அதன் விளைவாக 1986இல் இயற்றப்பட்ட சட்டம், மணவிலக்குப் பெற்ற பெண்ணுக்குரியவற்றுள் மஹரையும் வைத்தது. ஷரீஅத்தைக் காக்க அன்று முழங்கியவர்களுள், வீடு திரும்பி மகனுக்குக் கைக்கூலி பேசியவர் எவருமில்லை என்று நெஞ்சில் கைவைத்துக் கூற இயலுமா? சட்டம் நீக்கிய வழக்கத்தை, நாமே நம் நடுவீட்டில் மீண்டும் பாய் விரித்து அமர்த்தினோம். அரசு கைவைக்கக் கூடாது என்று நாம் காத்த ஒன்றை நாமே கைவிட்டால், நம் முழக்கத்துக்கு என்ன மதிப்பு?

"வழக்கத்துக்கும் மார்க்கத்தில் இடமுண்டே" என்பர் சிலர். உண்டு, 'உர்ஃப்' என்னும் வழக்கத்தை ஃபிக்ஹு அறிஞர் ஏற்கின்றனர். ஆனால் மார்க்கத்தின் தெளிவான ஆணைக்கு முரணான வழக்கத்தை அவர்கள் ஏற்பதில்லை. "பெண்ணைப் பெற்றவர் மகிழ்ந்து கொடுக்கிறாரே" என்பர் வேறு சிலர். மகளுக்குத் தந்தை அன்பளிப்புக் கொடுப்பதை எவரும் தடுக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி: அவர் கொடுக்காவிட்டாலும் அந்த நிக்காஹ் நடக்குமா? நடக்குமெனில் அது அன்பளிப்பு. நடக்காதெனில் அது விலை.

பிறரை மட்டும் குறை கூறி நான் விலகிக்கொள்ள முடியாது. நிக்காஹ் குத்பா ஓதப் பலமுறை அமர்ந்தவன் நான். அந்தத் தாழ்ந்த குரல் என் செவிக்கும் எட்டியதுண்டு. அறிந்தும் அறியாதவன்போல் துஆ ஓதி எழுந்திருக்கிறேன். அந்த மௌனமும் நானே தேர்ந்ததுதான். அதற்கும் கேள்வி உண்டு. கைக்கூலி வாங்கும் திருமணத்துக்குத் தப்தர் தர மறுத்த ஜமாஅத்துகளும், பெற்றோர் வற்புறுத்தியும் வாங்க மறுத்த இளைஞர்களும் என்னினும் மேலானவர்கள்.

பாவம் எது என்று வினவப்பட்டபோது, உள்ளத்தை உறுத்துவதும், பிறர் அறிவதை நாம் விரும்பாததுமே அது என்ற கருத்தை நபிகளார் (ஸல்) விளக்கியதாக முஸ்லிம் தொகுப்பில் காண்கிறோம். இதனினும் எளிய உரைகல் வேண்டுமா? நம் மகனுக்குப் பெண் பேசும் நாளில், தாழ்ந்த குரலில் கேட்க நினைக்கும் தொகையை, மஹரைக் கூறும் அதே சபையில் அதே குரலில் கூற முடியுமா என்று நம்மையே கேட்போம். கூறக் கூசுமாயின், வாங்கவும் கூசுவோமாக. வல்ல அல்லாஹ் அத்துணிவை நமக்கு அருள்வானாக!