ருசியும் முறையும்

கேழ்வரகை முளைகட்டிக் காயவைப்பது போலத்தான் பார்லியையும் முளைகட்டி உலர்த்தி மால்ட் ஆக்குகிறார்கள். பெல்ஜியத்தின் வெஸ்ட்மால்லே மடத்தில் துறவிகளின் மேற்பார்வையில் அதைக் காய்ச்சிப் புளிக்கவைக்கும் கருஞ்சிவப்பு ‘டப்பெல்’ பீரில் 7 சதவீதம் ஆல்கஹால். உலர்திராட்சை இனிப்பு, ஈஸ்ட் தரும் லேசான கிராம்பு வாசம். இன்று உலகெங்கும் சிறு ஆலைகள் இந்த ருசியைப் பின்பற்றுகின்றன. மயக்கும் ஒன்றை ருசிக்காகக் குடிப்பது தகுமா என்றால், ருசிப்பவர்களிடம் பதில் தயார். ‘கள்ளுண்ணாமை’ அதிகாரத்தில் வள்ளுவர் கண்டிப்பது அறிவும் நாணமும் போவதைத்தானே. நாங்களோ ஒவ்வொரு மிடறையும் கவனித்துக் குடிக்கிறோம் என்பார்கள். இது பாதிப் பதில்தான். போதை முதலில் கை வைப்பதே அந்தக் கவனத்தில். போதும் என்று சொல்ல வேண்டியவன், மூன்றாம் கோப்பையில் வேறு ஆளாகிவிடுகிறான்.

ஆகவே எவ்வளவு என்பதை யார், எப்போது முடிவு செய்தார்கள் என்பதே கேள்வி. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் எழுதிய மடத்து விதிகளின் 40ஆம் அதிகாரம், துறவிக்கு மது ஆகாது என்று ஒப்புக்கொண்டே, சொன்னால் துறவிகள் கேட்கமாட்டார்கள் என்பதால் நாளுக்கு ஓர் அளவு வகுக்கிறது. பழவேற்காடு ஏரியில் இதன் ஜாடையைக் காணலாம். அங்குள்ள பட்டினவர் மீனவக் குப்பங்களில் எந்தத் தலைக்கட்டு எங்கே, எந்த நாளில் இறால் வலை போடுவது என்பதைப் ‘பாடு’ முறை தீர்மானிக்கிறது. ஏரியில் இறால் துள்ளுவதைக் கண்ட பிறகு வரும் ஆசையிடம் அந்த முடிவை விடுவதில்லை. கரையிலேயே சீட்டுப் போட்டு முடித்துவிடுகிறார்கள்.

மடத்துக்கு மணியும் விதியும் உண்டு, அலுத்துக் கரையேறும் மீனவனுக்கு என்ன உண்டு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, ருசியின் வாதம் பெரும்பாலும் வயிறு நிறைந்தவர்களின் வாதம். ஆனால் பாடு வகுத்தவர்களும் ஏழைகள்தான். குறை அவர்களுடைய சுயகட்டுப்பாட்டில் அல்ல. வலைக்கு ஊர் பொறுப்பேற்றது, கோப்பையைத் தனி ஆளிடம் விட்டுவிட்டது. முறை மீறி வலை போட்டவனை ஊர்க்கூட்டம் கேட்கும். குடித்தவனைக் கேட்பது பெரும்பாலும் மறுநாள் விடியலில் மீன்கூடை தூக்க வேண்டிய அவன் மனைவி மட்டுமே.