வானத்துக் கல்லும் வயலுக்குரியவனும்

வானத்திலிருந்து விழுந்த கல் யாருக்குச் சொந்தம்? கேட்ட மாத்திரத்தில் இது சிறுபிள்ளையின் கேள்வி போலத் தோன்றும். ஆயினும் நீதிமன்றம் கூடி இதற்குத் தீர்ப்பளித்திருக்கிறது. இறையியல் அறிஞரும் இதற்கு மிக நெருங்கிய கேள்விகளைத் தொட்டிருக்கின்றனர். மழையை அளப்பதற்கென நிறுவப்பட்ட ஒரு கருவி இக்கேள்வியை நம் காலத்தில் புதிதாகக் கூர்மைப்படுத்தியிருப்பதால், நாமும் சற்று நின்று சிந்திப்பது தகும்.

வானிலை ரேடார் நுண்ணலைகளை வானில் செலுத்தி, மழைத்துளிகளின்மேல் பட்டுத் திரும்புவதைக் கொண்டு மழையின் இடத்தையும் விரைவையும் அறிகிறது. அமெரிக்காவில் இத்தகைய டாப்ளர் ரேடார்கள் ஏறத்தாழ 160 உள்ளன. பறவைக் கூட்டம், பூச்சித் திரள், காட்டுத்தீயின் புகை என மழையல்லாதவையும் அவற்றில் பதிவாகும். வானிலையாளர் அவற்றை வேண்டாதவை என்று ஒதுக்கிவிடுவர். ஒதுக்கப்பட்ட அந்தக் குவியலில்தான் விண்கற்களும் கிடந்தன. தீக்கோளமாய்ப் பாய்ந்து வரும் கல், தரைக்கு மேல் இருபது முப்பது கிலோமீட்டர் உயரத்தில் வேகம் இழந்து ஒளி அணைந்துவிடும். அதன்பின் சிதறிய துண்டுகள் காற்றால் அலைக்கழிக்கப்பட்டுச் சில நிமிடங்கள் இருளில் விழுந்துகொண்டிருக்கும். கண்ணுக்கு எட்டாத இந்தப் பயணத்தை ரேடார் காண்கிறது. 2009 பிப்ரவரியில் டெக்சாசில் விழுந்த கற்கள் அவ்வாறே பதிவாகியிருந்தன. மார்க் ஃபிரைஸ், ஜெஃப்ரி ஃபிரைஸ் ஆகியோர் 2010இல் இம்முறையை ஆய்வுலகிற்கு விளக்கினர்.

இதன் பயன் 2012 ஏப்ரல் 22 அன்று கலிபோர்னியாவில் நன்கு வெளிப்பட்டது. நொடிக்கு 28.6 கிலோமீட்டர் விரைவில் வளிமண்டலத்துள் புகுந்த ஒரு பெருங்கல் வானிலேயே வெடித்துச் சிதறியது. கொலோமா, லோட்டஸ் என்னும் ஊர்களின் மேல் துண்டுகள் இறங்கியதை ரேடார் காட்டிக்கொடுத்தது. கரிமம் செறிந்த, எளிதில் நொறுங்கும் அரிய வகைக் கல் அது. மழையில் நனைந்தால் அதன் உட்பொருள்கள் மாறிவிடும், மழையோ வந்துகொண்டிருந்தது. விண்கல் ஆய்வாளர் பீட்டர் ஜெனிஸ்கன்ஸ் ஒரு பூங்காவின் வாகன நிறுத்துமிடத்தில் ஒரு துண்டைக் கண்டபோது, அது சக்கரம் ஏறி நசுங்கியிருந்தது. அறிஞர், ஊர் மக்கள், கல் வணிகர் எனப் பலரும் தேடி 77 கற்களைச் சேர்த்தனர். மொத்த எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. சந்தையில் அவற்றின் விலை தங்கத்தையும் தாண்டியது.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லாமல் கடந்து செல்ல மனம் வரவில்லை. அவ்விண்கல்லின் பெயர் 'சட்டர்ஸ் மில்'. 1848 ஜனவரி 24 அன்று ஜேம்ஸ் மார்ஷல் பொன் துணுக்கைக் கண்டெடுத்த அதே மர அறுவை ஆலையின் பெயர்தான் அது. அப்பொன்னைத் தேடிவந்த கூட்டம் ஆலைக்குரிய சட்டரின் நிலங்களை ஆக்கிரமித்தது. அவர் ஈடு கேட்டுப் பல்லாண்டு மன்றாடியும் பெறாமலே இறந்தார். மார்ஷலும் வறுமையில் மாண்டார். அம்மண்ணின் தொல்குடிகள் பட்டதோ அவ்விருவர் பட்டதைவிடப் பன்மடங்கு கொடிது. கண்டவனுக்கும் வாழ்வில்லை, நிலத்துக்குரியவனுக்கும் வாழ்வில்லை என்று அக்கதை முடிந்தது.

விண்கல்லைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1890இல் அயோவா மாநிலத்தில் 66 பவுண்டு எடையுள்ள கல்லொன்று கோடார்ட் என்பவரின் நிலத்தில் விழுந்து மூன்றடி ஆழம் புதைந்தது. குத்தகைதாரரின் சம்மதத்துடன் மற்றொருவர் அதைத் தோண்டி எடுத்து, வின்செல் என்பவருக்கு 105 டாலருக்கு விற்றார். வழக்கு மாநில உச்சநீதிமன்றம் வரை சென்றது. மண்ணோடு சேர்ந்த கல் மண்ணின் பகுதியே, ஆதலால் அது நிலத்துக்குரியவருக்கே சொந்தம் என்று 1892இல் தீர்ப்பாயிற்று.

புனித தாமஸ் அக்குவினாரோ வேறொரு வழியில் செல்கிறார். ஒருபோதும் எவருடைய உடைமையாகவும் இராத பொருள்கள், எடுத்துக்காட்டாகக் கடற்கரையில் கிடக்கும் மணிக்கற்கள், எடுப்பவருக்கே உரியவை என்கிறார். விண்கல்லைப் போல எவருக்கும் உரிமையாகாதிருந்த பொருள் வேறு எது? எனினும் அதே இடத்தில் அவர் புதையலைப் பற்றியும் பேசுகிறார். பிறர் நிலத்தில் அதைக் கண்டெடுத்தவர், நாட்டுச் சட்டப்படி நிலத்துக்குரியவருக்குப் பாதி தர வேண்டும். அதனால்தான் நற்செய்தியில் வரும் மனிதன், புதையல் முழுவதும் தனதாகும்படி அந்நிலத்தையே வாங்கினான் என்று விளக்குகிறார்.

இந்த உவமையைக் கேட்கும்போதெல்லாம், நிலத்தை விற்றவனின் நிலை நம்மில் சிலரை உறுத்தாமல் இருந்திராது. அவனுக்குத் தன் நிலத்தில் இருந்தது தெரியாது, வாங்கியவனுக்குத் தெரியும். விண்ணரசுக்காக யாவற்றையும் விற்கும் மகிழ்ச்சியே அங்கே போற்றப்படுகிறது. வாணிகம் செய்யும் முறையை ஆண்டவர் அங்கே கற்பிக்கவில்லை. வாணிக முறையைப் பற்றி அக்குவினார் பிறிதோர் இடத்தில் கூறுவது கண்டிப்பானது: அறியாமல் பொன்னைப் பித்தளை என்று ஒருவர் விற்க, அறிந்துகொண்டே வாங்குபவர் அநீதி செய்கிறார், அவர் ஈடு செய்யக் கடமைப்பட்டவர்.

ரேடார் கொண்டுவந்த புதுமை இங்கேதான் நம்மைத் தைக்கிறது. முற்காலத்தில் கல்லைக் கண்டவர் பெரும்பாலும் அவ்வூராரே. இடி போன்ற ஓசை கேட்டு ஓடிவந்தவரும் ஏர் உழுதவருமே கண்டனர். இன்றோ, எங்கோ தொலைவில் கணிப்பொறி முன் அமர்ந்திருப்பவர், இன்னார் புல்வெளியில் கல் கிடக்கிறது என்பதை அந்த இன்னாருக்கு முன்பே ஊகித்துவிடுகிறார். ரேடார் மக்களின் வரிப்பணத்தில் இயங்குவது. அதன் பதிவுகள் யாவருக்கும் இலவசமாகத் திறந்திருப்பவை. ஆனால் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருப்பவர் அவற்றைத் திறந்து படிக்கப் போவதில்லை. எல்லாருக்கும் திறந்த கதவு என்பதால் எல்லாரும் உள்ளே போய்விட்டதாகக் கொள்ளலாகாது.

தேடுபவர் பக்கமும் நியாயம் உண்டு. ரேடார் காட்டுவது பல கிலோமீட்டர் நீளும் ஒரு பரப்பையே. கல் கிடக்கும் இடத்தை அன்று. நாள்கணக்கில் குனிந்து நடந்து, வெறுங்கையோடு திரும்புபவரே மிகுதி. அவ்வுழைப்புக்குக் கூலி இல்லை என்பார் நம்மில் யாருமில்லை. ஆயினும் வேலியைத் தாண்டும் முன் எதைத் தேடுகிறார், அதன் மதிப்பு என்ன என்பதை அவர் வாய்திறந்து சொல்ல வேண்டும் என்றே நாம் கருதுகிறோம். சொன்னால் பாதி போய்விடுமே என்பது உண்மைதான். பாதிக்காகத்தான் அவர் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்விருவரையும் தவிர மூன்றாவது உரிமைக்காரர் ஒருவர் உண்டு. அவர் வழக்காட வருவதில்லை. 1492 நவம்பரில் அல்சாஸ் பகுதியின் என்சிசைம் ஊரில் விழுந்த பெருங்கல்லை மக்கள் ஆளுக்கொரு துண்டாய் உடைக்கத் தொடங்கினர். அதிகாரி தடுத்தார், கல் பங்குக் கோவிலில் வைக்கப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது பாதிக்கும் குறைவு என்றாலும், கோவிலில் வைத்ததனால்தான் அதுவேனும் நம் காலத்தவரின் ஆய்வுக்குக் கிடைத்தது.

2018 ஜனவரி 16 அன்று மிச்சிகன் மாநிலத்தின் ஹாம்பர்க் பகுதியில் ஒரு விண்கல் சிதறியது. ரேடார் பதிவைக் கொண்டு வந்த ஒருவர், இரண்டு நாட்களுக்குள் உறைந்த ஏரியொன்றின் பனிக்கட்டி மேல் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். உருகிய நீர் அதனுள் புகவில்லை. அது சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. அறிஞர் பலர் பகிர்ந்து ஆராய்ந்து, 2020இல் அதில் 2,600க்கும் மேற்பட்ட கரிமச் சேர்மங்களைக் கணக்கிட்டனர். அக்கல்லின் ஒரு பகுதியை, இன்னும் கண்டுபிடிக்கப்படாத கருவிகளுக்காகத் தொடாமல் வைத்திருக்க முடியும்.